பாம்புக்கு அடியில் என்ன விரிப்பது?

டிசம்பர் பிறந்ததும் மேற்கு ஆப்பிரிக்காவில் ஹார்மட்டான் என்னும் காற்று சஹாராவிலிருந்து இறங்கும். புழுதி சுமந்து வரும் அந்தக் காற்றில் உதடு வெடிக்கும், மரச்சாமான்கள் பிளக்கும். சில நாட்களில் காற்றின் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். டோகோ, பெனின், கானா நாடுகளின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் வாழும் ராயல் பைத்தான் என்ற சிறிய மலைப்பாம்பு அந்த மாதங்களைத் தரைக்கு அடியில் கழிக்கிறது. எலி தோண்டிய வளையோ, கரையான் விட்டுப்போன புற்றோ கிடைத்தால் போதும், உள்ளே சுருண்டுகொள்ளும். மேலே நிலம் காய்ந்து கிடந்தாலும் அதன் தோலைச் சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் இருக்கும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது மண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மைகளில் ஒன்று. செடியின் வேர் இனி உறிஞ்ச வழியில்லை, செடி நிரந்தரமாக வாடிவிட்டது என்னும் அளவுக்கு மண் காய்ந்திருக்கட்டும். அப்போதும் மண் துகள்களுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்றின் ஈரப்பதம் 98 சதவீதத்துக்குக் குறைவதில்லை. துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அந்தக் காற்றை ஏறக்குறைய நிறைவுற்றதாகவே வைத்திருக்கிறது. வாய் திறந்த வளையில் அவ்வளவு இருக்காதுதான். ஆனாலும் வெளியே வீசும் காற்றுக்கும் அதற்கும் பெரிய தூரம். வெப்பமும் அப்படியே. பகலின் சூடும் இரவின் குளிரும் மண்ணில் இறங்க இறங்கத் தேய்ந்து, ஓரடி ஆழத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன.

இந்த வளைவாசிதான் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று. நான்கைந்து அடிக்கு மேல் அரிதாகவே வளரும். சீண்டினால் பெரும்பாலும் கடிக்காது, தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நன்றாக வைத்துக்கொண்டால் 30 ஆண்டுகள்வரை வாழும். அந்த வாழ்நாள் முழுவதும் அது இருக்கப்போவது ஒரு கண்ணாடிப் பெட்டியில். ஓரடி ஆழத்து ஆப்பிரிக்க மண் செய்துவந்த வேலை அத்தனையையும் இனி அந்தப் பெட்டியின் அடியில் பரப்பும் சில அங்குலக் கூளம் செய்தாக வேண்டும். அதனால்தான் கூளத்தைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமில்லை என்கிறேன்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள், 2022-இல் வந்த திருத்தத்தின்படி அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். ராயல் பைத்தான் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே இங்கே எழுதுவது பாம்பு வாங்கச் சொல்லும் அழைப்பல்ல. தரையோடு ஓர் உடல் கொண்டிருக்கும் உறவைப் பற்றியது.

அந்த உறவை வயிற்றிலிருந்து தொடங்கலாம். ராயல் பைத்தானின் அடிப்பக்கத்தில் குறுக்கே அகன்ற செதில்கள் சுமார் 200 வரிசையாக இருக்கும். பெரும்பாலான பாம்புகளில் ஒவ்வொரு வயிற்றுச் செதிலும் ஒரு முதுகெலும்புக்கும் ஒரு ஜோடி விலா எலும்புக்கும் நேராக அமைந்திருக்கும். பருத்த பாம்புகள் வளையாமல் நெளியாமல் நேர்கோட்டில் ஊர்வதைப் பார்த்தவர்கள், உள்ளே சக்கரம் இருக்கிறதோ என்றுகூட மலைத்திருப்பார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஜெய்னும் ஸ்டீவன் நியூமனும் 2018-இல் போவா பாம்புகளின் தசைகளில் மின்சாரச் சலனத்தைப் பதிவுசெய்து இதை விளக்கினார்கள். விலாவிலிருந்து தோலுக்குச் செல்லும் ஒரு தசை வயிற்றுத் தோலை முன்னே இழுத்துத் தரையில் ஊன்றுகிறது. பிறகு இன்னொரு தசை, ஊன்றிய தோலைப் பிடிமானமாகக் கொண்டு எலும்புக்கூட்டை முன்னே நகர்த்துகிறது. தோல் முதலில் போகிறது, உடல் பின்னால் வந்து சேர்கிறது.

நெளிந்து போகும்போதும் தரை பிடி கொடுக்க வேண்டும். டேவிட் ஹு என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் மில்க் ஸ்நேக் பாம்புகளின் வயிற்று உராய்வை அளந்தார்கள். முன்னோக்கிச் சறுக்கும்போது உராய்வு குறைவு, பக்கவாட்டில் அதிகம். அந்த வேறுபாடுதான் பாம்பை முன்னே தள்ளுகிறது. செதில் பற்றிக்கொள்ள எதுவுமில்லாத வழவழப்பான தரையில் அந்த வேறுபாடு மறைந்து, உடல் நெளிந்தாலும் பாம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் தட்டில் வாழ்நாளைக் கழிக்கும் ஒரு பாம்பின் தசைகளை நினைத்துப் பாருங்கள்.

காதும் தரையில்தான் இருக்கிறது. பாம்புக்கு வெளிச்செவி இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் கீழ்த்தாடை தரையில் படிந்திருக்கும்போது அதில் ஏறும் அதிர்வு எலும்பு வழியாக உள்செவிக்குப் போகிறது. டென்மார்க்கில் கிறிஸ்டியன் கிறிஸ்டென்சனும் சகாக்களும் 2012-இல் சோதித்தது நம் ராயல் பைத்தானையேதான். நொடிக்கு 80 முதல் 160 வரையிலான அதிர்வுகளை அது நுட்பமாக உணர்கிறது. காற்றில் வரும் ஒலியைக்கூட, அந்த ஒலி தன் மண்டையோட்டில் உண்டாக்கும் அதிர்வின் வழியாகத்தான் அறிகிறது. சஹாராவின் மணல் விரியன்களோ, அருகே ஓடும் இரையின் காலடி மணலில் எழுப்பும் அதிர்வைக் கொண்டே அதைத் தாக்கக்கூடியவை என்று புரூஸ் யங், மலிண்டா மொரெய்ன் இருவரும் 2002-இல் காட்டினார்கள்.

மூக்கின் பெரும்பங்கும் அங்கேதான். பிளவுபட்ட நாக்கின் இரு நுனிகளும் தரையின் இரு புள்ளிகளைத் தொட்டு, மணத் துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டு சேர்க்கின்றன. எந்த நுனியில் மணம் கூடுதலோ அந்தப் பக்கம் தடம் போகிறது. பாம்பின் நாக்கு ஏன் பிளந்திருக்கிறது என்பதற்கு 1994-இல் கர்ட் ஷ்வெங்க் தந்த விளக்கம் இது. ஆக, பெட்டியில் நாம் கொட்டும் கூளத்தில் பாம்பு ஊர்கிறது, அதைத் தாடையால் கேட்கிறது, நாக்கால் முகர்கிறது. கடைக்காரர் தரும் பொட்டலத்தின் மேல் இதெல்லாம் எழுதியிருக்காது.

இனி ஈரம். வளர்ப்பவர்கள் அதிகம் தவறும் இடம் இதுதான். சட்டை உரிக்கும் நாள் நெருங்கும்போது பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு திரவம் ஊறுகிறது. இமையில்லாத பாம்பின் கண்ணை மூடியிருப்பதும் ஒரு கண்ணாடிச் செதில்தான். அதன் அடியிலும் அந்தத் திரவம் பரவுவதால் கண் சில நாட்கள் நீலம் பூத்து மங்கியிருக்கும். காற்று போதிய ஈரத்தோடு இருந்தால் சட்டை மூக்கிலிருந்து வால்வரை ஒரே உறையாகக் கழன்று வரும். காற்று காய்ந்திருந்தால் துண்டு துண்டாகப் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணின் மேல் பழைய செதில் தங்கிவிடும். வால் நுனியில் வளையமாக இறுகிய பழந்தோல் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனியே கருகி விழுவதும் உண்டு. ராயல் பைத்தானுக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும் என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டு அறை ஹார்மட்டான் காற்றுக்குச் சளைத்ததல்ல. அங்கே பாம்புக்கு ஒதுங்க வளையும் கிடையாது.

அதற்காகத் தண்ணீரை ஊற்றிச் சேறாக்கினால் இன்னொரு நோய் வரும். நாள் முழுவதும் ஈரத்திலும் கழிவிலும் படிந்து கிடக்கும் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளித்து, அழுகத் தொடங்கும். இதைச் செதில் அழுகல் என்கிறார்கள். நுரையீரல் தொற்றும் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலான பாம்புகளில் இடது நுரையீரல் மிகச் சிறுத்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. உதரவிதானம் இல்லாததால் சளியை இருமி வெளியேற்றவும் அவற்றால் முடியாது.

காற்று ஈரமாக வேண்டும், வயிறு உலர்ந்திருக்கவும் வேண்டும். முரணாகத் தோன்றினாலும் மண் இதைத் தினமும் செய்கிறது. மேலே காய்ந்த அடுக்கு, கீழே ஈர அடுக்கு. தேர்ந்த வளர்ப்பாளர்கள் பெட்டியின் மூலைகளில் மட்டும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் பரவவிடுவார்கள். மேல் அங்குலம் உலர்ந்தே இருக்கும், ஈரம் ஆவியாகி மேலே வந்துகொண்டே இருக்கும். இதற்குக் கூளம் மூன்று நான்கு அங்குலமாவது ஆழம் வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும் குணமும் வேண்டும்.

அந்தக் குணம் மிகுந்த பொருள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நார் மில்களில் மலைமலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் பழுப்புத் தூள். வேளாண் துறையினர் தென்னை நார்க்கழிவு என்பார்கள், ஏற்றுமதிக்காரர்கள் காயர் பித் என்பார்கள். நெடுங்காலம் எடுப்பாரில்லாத குப்பையாகக் கிடந்தது. அதன் திசு நுண்ணிய காற்றறைகள் நிரம்பிய பஞ்சு. தன் எடையைப்போல் சுமார் எட்டு மடங்கு தண்ணீரை ஏந்தும். லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது. மரச்சீவல் பூசணம் பிடிக்கும் ஈரத்திலும் இது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். உலர்த்தி அழுத்திச் செங்கல்லாக்கினால் 650 கிராம் கட்டி ஒன்று தண்ணீரில் எட்டு ஒன்பது லிட்டராக விரிகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இப்படிக் கட்டியாகும் பித் உலகெங்கும் நாற்றங்கால்களுக்குப் போகிறது, ஊர்வன வளர்ப்போரின் பெட்டிகளுக்கும் போகிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு ஒன்று ஏதோ ஒரு குளிர் நகரத்தில் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்பின் மிச்சத்துக்குள் தலை நுழைத்து வளை தோண்டுகிறது என்பது எனக்கு ஓயாத வியப்பு.

குறை இல்லாமல் இல்லை. முழுக்கக் காய்ந்துவிட்டால் பித் தூசியாகப் பறக்கும், இருமத் தெரியாத உயிருக்கு அது நல்லதல்ல. தனியாகப் போட்டால் வளை நிற்காமல் சரிந்துவிடவும் கூடும். அதனால் மட்டையைச் சிறு சில்லுகளாக வெட்டியதையோ, பைன் வகை மரங்களின் பட்டைத் துண்டுகளையோ, சைப்ரஸ் மரத் துருவலையோ கலந்துகொள்வது வழக்கம். ராயல் பைத்தானுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கலவையைத்தான். ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி ஈரமான ஸ்பாக்னம் பாசியை வைத்தால் சட்டை உரிக்கும் காலம் சிரமமில்லாமல் கழியும்.

ஆனால் இதையே எல்லாப் பாம்புக்கும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக், நம் சாரைப் பாம்புக்குத் தூரத்து உறவு. அதற்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் போதும். ஆஸ்பென் மரத்தின் இழைப்புச் சுருள் அதற்குப் பொருந்தும். இலேசானது, மணமற்றது, சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் பாம்பு தோண்டிய சுரங்கம் இடியாமல் நிற்கும். ஈரம் பட்டால் மட்டும் பூசணம் பூத்துவிடும்.

மரச்சீவலில் தொடக்கூடாத ஒன்று உண்டு: சிடார். துணி அலமாரியில் பூச்சி அண்டாமல் காக்கும் அதே நறுமண எண்ணெய்தான் மூடிய பெட்டியில் ஆபத்தாகிறது. 1967-இல் எலியட் வெசல் என்ற மருந்தியலாளர் சயன்ஸ் இதழில் ஒரு வினோதத்தை எழுதினார். தூக்க மருந்து கொடுத்த சுண்டெலிகளும் எலிகளும் சிடார், பைன் சீவல் மேல் வளர்ந்தவையாக இருந்தால் சீக்கிரம் விழித்துக்கொண்டன. சீவலிலிருந்து எழும் ஆவி அவற்றின் கல்லீரலில் மருந்தை முறிக்கும் நொதிகளைத் தூண்டிவிட்டிருந்தது. படுத்திருக்கும் கூளமே உடலின் வேதியியலை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கனடாவின் மேற்குக் கரையில் செஞ்சிடார் அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு, அதிலுள்ள பிளிக்காடிக் அமிலத்தால் ஆஸ்துமா வருவதும் நன்கு பதிவானது. தரையோடு மூக்கை வைத்தே வாழும் பாம்பை அதன் மேல் விடுவதற்கு நியாயமே இல்லை.

பாம்பு என்றாலே பாலைவனம் என்ற நினைப்பில் மணலைக் கொட்டுபவர்களும் உண்டு. மணலுக்கென்றே பிறந்த பாம்புகள் இருக்கின்றன. அமெரிக்கப் பாலையின் சைட்வைண்டர் விரியன் சரிந்துவிழும் மணற்சரிவில் ஏறும்போது, சரிவு கூடக்கூட உடலின் அதிக நீளத்தைத் தரையில் பதித்து மணல் நழுவாமல் பார்த்துக்கொள்கிறது. அட்லாண்டா விலங்குக்காட்சிச் சாலையில் இதைப் பதிவுசெய்த ஹமீத்ரெசா மார்வியும் குழுவினரும் அதே உத்தியை ஓர் இயந்திரப் பாம்புக்கும் கற்றுத் தந்து, 2014-இல் வெளியிட்டார்கள். ஆனால் புல்வெளி வளையில் வாழும் ராயல் பைத்தானுக்கு மணல் ஈரத்தைக் காக்காது, வளையாகவும் நிற்காது. உண்டாலும் செரிக்கும் என்று சொல்லி விற்கும் கால்சியம் மணல் இன்னும் மோசம். இரையோடு உள்ளே போய்க் குடலில் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளலாம்.

மணல் மிகப் பொருத்தமாக அமைந்த ஓர் இடம் நம்மிடம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தரும் சங்கம் இது. பாம்புகளை வைப்பது மண்பானைகளில். அடியில் மணல், வாயில் பருத்தித் துணிக் கட்டு. சுடுமண் சுவரின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகி உள்ளே குளிர்ச்சி நிற்கும், துணி காற்றை விடும், உள்ளே இருட்டு. சில வாரங்களில் விஷம் எடுத்து முடித்ததும் வயிற்றுச் செதில் ஒன்றில் அடையாள வெட்டு வைத்துப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். பாம்பின் இருப்பிடம் எப்படி இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாக வளைகளைத் தோண்டிப் பார்த்தவர்களின் ஏற்பாடு அது. குறுகிய கால வாசத்துக்கு இதைவிடச் சிறந்த பெட்டியை எந்த நிறுவனமும் செய்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

குறுகிய காலத்துக்கு ஏற்ற இன்னொன்று வெறும் தாள். புதிதாக வந்த பாம்பை முதல் வாரங்களில் தனியே வைத்துக் கவனிக்கும்போது வெள்ளை டிஷ்யூத் தாளே சிறந்தது. மலத்தின் நிறம், ரத்தக் கறை, கருமிளகுத் துகள்போல் நகரும் சிற்றுண்ணி எல்லாம் உடனே கண்ணில் படும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதுவே. ஆனால் நூற்றுக்கணக்கான பாம்புகளை இழுப்பறைகளில் அடுக்கி வைக்கும் பெரிய வளர்ப்பகங்கள் சில, சுத்தம் செய்வது சுலபம் என்பதற்காக ஒரு தாளின் மேலேயே முழு வாழ்நாளையும் ஓட்டிவிடுகின்றன. இது தவறு என்றே சொல்வேன். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 2021-இல் நடந்த ஆய்வில், வெறுமையான பெட்டியையும் பலவகை வசதிகள் செய்த பெட்டியையும் கார்ன் ஸ்நேக்குகளுக்குத் திறந்துவிட்டபோது, அவை வசதியுள்ள பெட்டியிலேயே அதிக நேரம் தங்கின. கேட்டால் பதில் சொல்ல முடியாத உயிர், தங்கிய நேரத்தால் பதில் சொல்லியிருக்கிறது.

கூளத்தின் ஆழத்தைக் கூட்டும்போது சூட்டையும் யோசிக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் ஹீட் மேட் வைப்பவர்கள் பலர். மேலே நாலு அங்குலக் கூளம் இருந்தால் அது சூட்டை மேலே விடாமல் தடுக்கும். பாம்பு சூடு தேடிக் கீழே தோண்டிக் கொதிக்கும் கண்ணாடியில் வயிற்றை வைத்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டால் வெந்துபோன வயிறுகள் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல. ஆழமான கூளம் போட்டால் சூடு மேலிருந்து வரட்டும். காட்டில் சூரியன் மேலேதான் இருக்கிறது, கீழே போகப் போகக் குளிர்ச்சி. தோண்டினால் குளிரும் என்ற கணக்கோடுதான் பாம்பு தோண்டுகிறது.

இப்போது சிலர் கூளத்தையே உயிருள்ள மண்ணாக மாற்றுகிறார்கள். பித், மண், இலைச்சருகு கலந்த ஆழமான அடுக்கில் ஸ்பிரிங்டெயில் என்ற நுண் பூச்சிகளையும், ஐசோபாட் என்ற சிறு ஓட்டுயிரிகளையும் விட்டால், அவை பாம்பின் கழிவையும் பூசணத்தையும் தின்று மண்ணாக்கிவிடும். சரியாக நடந்தால் கூளத்தை மாதக்கணக்கில் முழுதாக மாற்றவே வேண்டியதில்லை. பெரிய கழிவை மட்டும் அள்ளினால் போதும்.

அடிக்கடி முழுதாக மாற்றாமலிருப்பதில் பாம்புக்கும் ஒரு லாபம் இருக்கிறது. டேவிட் சிசார் என்ற உளவியலாளரின் குழு, கூண்டைச் சுத்தம் செய்த பின் பாம்புகள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து 1980-இல் எழுதியது. தங்கள் மணம் துடைக்கப்பட்ட இடத்தில் அவை நாக்கை நீட்டித் துழாவின, பிறகு மலம் கழித்தன. பளிச்சென்று கழுவி வைத்த பெட்டியை அன்றே அசுத்தம் செய்துவிட்டது என்று அலுத்துக்கொள்ளும் வளர்ப்பாளர்களுக்கு அதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஆகவே கூளத்தை மாற்றும் நாளில் பழையதில் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும் ஒரு பிடியை எடுத்துப் புதியதோடு கலந்துவிடுங்கள். பாம்புக்கு நோயோ சிற்றுண்ணியோ இருந்தால் மட்டும் இது கூடாது. அப்போது பழையது மொத்தமும் வெளியே போக வேண்டும், பெட்டியையும் கிருமிநாசினியால் கழுவி, மணம் போகும்வரை வெயிலில் காயவிட வேண்டும்.